விரல் ஓடுகிறது; பாட்டு எங்கே?

கலைவிழா மாலைகளில் நம் கல்லூரி அரங்கத்தைக் கவனித்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு தெரிந்திருக்கும். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மாணவன் மேடையேறியதுமே பின்வரிசைகளிலிருந்து சீழ்க்கை ஒலி எழும். அவன் விரல்கள் தந்திகளின்மீது ஏறி இறங்கத் தொடங்கினால் கைதட்டல் வலுக்கும். விரல் எவ்வளவு விரைகிறதோ, அரங்கத்தில் அவ்வளவு ஆரவாரம். முடிந்ததும் ‘பிரமாதம்’ என்கிறோம். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது, சற்றுமுன் கேட்டதில் ஒரு வரியையேனும் முணுமுணுக்க நம்மால் முடிகிறதா? அதே மேடையில் ஒரு மாணவி பாடிய பழைய திரைப்பாட்டு மட்டும் மறுநாள் வரை நாவில் நிற்கிறதே, அது ஏன்?

இந்த வினாவைப் பிறரிடம் கேட்பதற்கு முன் என்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவன் நான். சென்ற ஆண்டு துறைகளுக்கிடையே நடந்த இசைக்கருவிப் போட்டியில் முதற்பரிசு எனக்குத்தான் கிடைத்தது. மூன்று நிமிடம் கொடுத்தார்கள். கைப்பேசியில் பின்னணித் தாளத்தை ஓடவிட்டு, மூன்று நிமிடமும் விடாமல் வாசித்தேன். அன்றிரவு விடுதி அறையில் நண்பன் ஒருவன், ‘‘நடுவிலே ஒரு இடம் வந்துச்சே, அதை இன்னொரு தரம் வாசிடா’’ என்றான். எந்த இடம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அவன் பதிவு செய்து வைத்திருந்ததை இருவரும் போட்டுக் கேட்டோம். மூன்று நிமிடத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் என் வாசிப்பு நின்றிருந்தது. பிக் கைநழுவியதால் ஒரே சுரத்தை மூன்று முறை தட்டிவிட்டு, அதைச் சரியாகப் பிடித்துக்கொள்ளும் வரை பேசாமல் இருந்திருக்கிறேன். நண்பன் கேட்டது அந்த இடத்தைத்தான்!

நான் பிழை என்று எண்ணியது கேட்டவன் காதில் இசையாக நின்றிருக்கிறது. திறமை என்று எண்ணிய மற்றவை எல்லாம் நீர்மேல் எழுத்தாகப் போயின. அன்று தொடங்கிய சிந்தனையின் விளைவே இக்கட்டுரை.

பேச்சிலே சொற்றொடர் இருப்பதுபோல் இசையிலும் தொடர் உண்டு. அதற்குத் தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு. முடிந்ததும் ஒரு நிறுத்தம் உண்டு. ஒருவர் நம்மிடம் வந்து அகராதியின் சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விடாமல் ஒப்பித்தால் அவர் நினைவாற்றலை வியப்போம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால் விழிப்போம். ஸ்கேல் எனப்படும் சுர வரிசையை மேலும் கீழும் ஓட்டுவது அந்த ஒப்பித்தலைப் போன்றதுதான். எழுதி வைக்காமல் அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசிக்கும் கற்பனை வாசிப்பிலே, கேட்பவர் திரும்பச் சொல்லக்கூடிய தொடர்கள் இருக்க வேண்டும். இது பிறவியில் வரும் வரம் அன்று, பழகினால் வரும். பரிசு கொடுப்பவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். இவையே என் கருத்து.

இந்தக் குறை கிட்டாரில் மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. நாகசுரக் கலைஞர் மூச்சை இழுத்தாக வேண்டும், பாடகரும் அப்படியே. அவர்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உடல் ஓர் இடத்தில் நிறுத்தச் சொல்கிறது. அந்த நிறுத்தமே தொடருக்கு எல்லை வகுக்கிறது. கிட்டார் வாசிப்பவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கை சலிக்கும் வரை ஓட்டலாம்.

இன்னொரு காரணம், கருவியின் அமைப்பு. வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கிட்டாரில் ஃப்ரெட் என்கிறார்கள். புதிதாகக் கற்பவர்கள் முதலில் பிடிப்பது ‘ஏ மைனர் பெண்டடானிக்’ என்னும் ஐந்து சுர வரிசையை. நம் சங்கீதத்தில் சுத்த தன்யாசிக்கு உரிய ச, க, ம, ப, நி என்னும் சுரங்களே அவை. ஐந்தாவது ஃப்ரெட்டில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டால் ஆறு தந்திகளிலும் தந்திக்கு இரண்டாகப் பன்னிரண்டு இடங்கள் கைக்குள் அடங்கிவிடுகின்றன. எந்த இடத்தைத் தொட்டாலும் அபசுரம் போலத் தோன்றாது. இது ஒரு வசதி. இதுவே ஒரு கண்ணியும்கூட. தவறே வராத இடத்தில் காது உறங்கிவிடுகிறது. பழகிய தடத்தில் விரல் தானே போய்வருகிறது. விரல் முன்னே போக, காது பின்னே இழுபடுகிறது. உண்மையில் காது முன்னே போக வேண்டும். விரல் அதன் ஏவலாளாக இருக்க வேண்டும்.

கிட்டாரின் வரலாற்றைப் பார்த்தாலும் இதே பாடம் கிடைக்கிறது. கற்பனை வாசிப்பை உயிராகக் கொண்ட ஜாஸும் புளூஸும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை வகைகள். 1930களின் பெரிய ஜாஸ் குழுக்களில் கிட்டாருக்குப் பெரும்பாலும் தாளத்தோடு கார்டுகளைத் தட்டும் வேலைதான் இருந்தது. ஊதுகருவிகளின் முழக்கத்தில் அதன் ஒலி எடுபடாது. மின்சாரக் கிட்டார் வந்ததும் நிலை மாறியது. 1939-இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்னும் இளைஞர் அந்தப் புதிய கருவியில் தனித்தனிச் சுரங்களாக நீண்ட தொடர்களை வாசித்தார். கேட்டவர்களுக்கு அது சாக்சஃபோன் போல் ஒலித்தது. அதில் வியப்பில்லை, லெஸ்டர் யங் என்னும் சாக்சஃபோன் கலைஞரின் வாசிப்பில் தோய்ந்தவர் அவர். மூச்சு விட்டு வாசிப்பவரிடமிருந்து, மூச்சு தேவையில்லாத கருவிக்கு அவர் மூச்சைக் கொண்டுவந்தார் எனலாம். 1942-இல் காசநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 25. அந்தக் குறுகிய காலத்தில் அவர் விட்டுச்சென்ற தொடர்களை இன்றும் மாணவர்கள் பாடம் செய்கிறார்கள்.

புளூஸ் கிட்டாரில் பி. பி. கிங் என்ற பெயரை அறியாதவர் இரார். 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்த அவர் பாடும்போது வாசிப்பதில்லை, வாசிக்கும்போது பாடுவதில்லை. ஒரு வரி பாடுவார்; கிட்டார் அதற்கு மறுமொழி சொல்லும். குரலும் தந்தியும் எதிரெதிரே அமர்ந்து உரையாடுவது போலிருக்கும். அவருடைய உறவினர் புக்கா ஒயிட், விரலில் உலோகக் குழாயை மாட்டித் தந்தியின்மீது வழுக்கி வாசிப்பவர். அந்த வித்தை கிங்குக்குக் கைவரவில்லை. அந்த ஒலியைத் தேடித் தந்தியை அழுத்திய விரலை அசைத்து அசைத்து அவர் கண்டதே, பின்னாளில் அவருடைய அடையாளமாகிவிட்ட அந்த நடுக்கம். ஒரே சுரத்தைக் கேட்டு ‘இது கிங்’ என்று சொல்லிவிடலாம். விரைவில் அவரை வெல்லக்கூடியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அந்த ஒற்றைச் சுரத்தை வெல்ல யார் இருக்கிறார்கள்?

கற்பனையில் பிறந்த வாசிப்பு பாட்டாகவே மாறிய வரலாறும் உண்டு. 1949-இல் ஜேம்ஸ் மூடி என்ற சாக்சஃபோன் கலைஞர், சுவீடன் நாட்டில் ஒரு பழைய காதற்பாட்டை எடுத்துக்கொண்டு தம் கற்பனைப்படி வாசித்துப் பதிவு செய்தார். அந்த வாசிப்பின் ஒவ்வொரு தொடருக்கும் எடி ஜெஃபர்சன் என்பவர் சொற்களை அமைத்தார். 1952-இல் கிங் பிளெஷர் என்னும் பாடகர் அதைப் பாடிப் பதிவு செய்ய, மூலப்பாட்டுக்கு இணையாகத் தனிப் பாட்டாகவே அது நிலைத்துவிட்டது. மேடையில் நாம் வாசிப்பவற்றுள் எத்தனைக்கு ஒருவர் சொல் எழுத முடியும்? என் மூன்று நிமிடத்திற்கு ஒரு சொல்கூட எழுத முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, தொடரமைக்கப் பழகுவது எப்படி? ‘உணர்ச்சியோடு வாசி’ என்று அறிவுரை சொல்வார்கள். நீந்தத் தெரியாதவனிடம் ‘மூழ்காமல் நீந்து’ என்று சொல்வது போன்ற அறிவுரை அது. செய்யத்தக்க வேலையாகச் சொன்னால்தான் பயன். கடந்த ஓராண்டாக நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பாடிவிட்டு வாசிப்பது. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. சுரம் சேர்ந்தால் போதும். கிட்டாரைத் தொடாமல் ஒரு சிறு தொடரை வாயால் பாட வேண்டும். பிறகு அதையே தந்தியில் தேடி எடுக்க வேண்டும். தொடக்கத்தில் நான்கு சுரங்களைத் தேடவே எனக்கு நெடுநேரம் ஆயிற்று. ஆனால் வாய் பாடும் தொடர் தானாகவே மூச்சின் அளவுக்குள் அடங்கிவிடுகிறது. முடிகிற இடமும் தானாக அமைகிறது. வாசித்துக்கொண்டே உடன் பாடுவதையும் பழகலாம். ஜார்ஜ் பென்சன் 1976-இல் வெளியிட்ட ‘பிரீசின்’ இசைத்தட்டில் ‘திஸ் மாஸ்குரேட்’ என்ற பாட்டைக் கேளுங்கள். குரலும் கிட்டாரும் ஒரே சுரத்தில் கைகோத்துச் செல்வதை அங்கே காணலாம்.

இரண்டாவது, நிறுத்தப் பழகுவது. புளூஸ் பாட்டின் ஒரு சுற்று பன்னிரண்டு பார் கொண்டது. ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. மொத்தம் 48 எண்ணிக்கை. மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 என்று வைத்தால் ஒரு சுற்று 48 விநாடியில் முடியும். பாடகர்கள் இதை நான்கு நான்கு பாராகப் பிரித்துக்கொள்கிறார்கள். முதல் நான்கில் ஒரு வரி. அடுத்த நான்கில் பெரும்பாலும் அதே வரி. கடைசி நான்கில் அதற்கு முடிவு சொல்லும் வேறு வரி. ஒவ்வொரு நான்கிலும் ஏறத்தாழ முற்பாதியில் குரல் ஒலிக்கும். பிற்பாதி, மறுமொழி சொல்லும் கருவிக்கு விடப்படும். பயிற்சியில் நாமும் இரண்டு பார் வாசித்து இரண்டு பார் சும்மா இருக்க வேண்டும். இதைச் செய்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், வாசிப்பதைவிடச் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று! அந்த இரண்டு பாரில் கை துடிக்கும். ஆனால் அடுத்து என்ன சொல்லலாம் என்று காது யோசிப்பதும் அந்த நேரத்தில்தான்.

மூன்றாவது, சொன்னதை வளர்ப்பது. புதிய புதிய தொடராக அடுக்கிக்கொண்டே போனால் கேட்பவர் எதைப் பற்றிக்கொள்வார்? மூன்று சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். முதலில் சொன்னதையே திரும்பச் சொல்லலாம்; முடிவை மட்டும் மாற்றலாம்; ஓர் எண்ணிக்கை தள்ளித் தொடங்கலாம்; சுரங்களை நீட்டலாம், குறுக்கலாம். நம் வித்வான்கள் கீர்த்தனையின் ஒரே வரியை எடுத்துக்கொண்டு நிரவல் செய்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. அங்கேயும் சாக்சஃபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் 1956-இல் பதிவு செய்த ‘புளூ செவன்’, ஒரு சிறு கருவை வளர்த்துச் செல்லும் முறைக்காக அறிஞர்களால் விரிவாக ஆராயப்பட்டது. அவருடன் 1962-இல் ‘தி பிரிட்ஜ்’ இசைத்தட்டில் வாசித்த கிட்டார் கலைஞர் ஜிம் ஹாலும் இவ்வழியில் வல்லவர். சில சுரங்களை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பேசுவார். அவருடைய வாசிப்பில் மௌனத்திற்கும் பங்குண்டு.

நான்காவது, அடியில் மாறும் கார்டைக் கேட்பது. பின்னணி எங்கோ போக, நம் தொடர் எங்கோ போனால் அது தனிமொழியாகிவிடும். ‘ஏ’ சுருதியில் புளூஸ் வாசிக்கிறோம் என்று கொள்வோம். முதல் நான்கு பாருக்கு ஏ செவன் என்னும் கார்டு. ஐந்தாவது பாரில் டி செவன் வரும். ஏ செவனுக்குள் சி ஷார்ப் இருக்கிறது. டி செவனுக்குள் இருப்பது வெறும் சி. மூன்றாம் தந்தியில் ஆறாவது ஃப்ரெட்டில் சி ஷார்ப், ஐந்தாவதில் சி. நான்காவது பாரின் இறுதியில் சி ஷார்ப்பில் நின்று, ஐந்தாவது பார் தொடங்கும்போது ஒரே ஒரு ஃப்ரெட் கீழே இறங்கிப் பாருங்கள். பின்னணியை நிறுத்திவிட்டாலும் கார்டு மாறியது காதுக்குத் தெரிகிறது. ஓர் அங்குல இடப்பெயர்ச்சிதான். பெண்டடானிக்கை இருபது முறை ஏற்றி இறக்கினாலும் கிடைக்காத பொருள் அந்த ஓர் அங்குலத்தில் கிடைத்துவிடுகிறது. இதை முதன்முதலில் கேட்ட நாளில், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு சுரங்களையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

என் கருத்துக்கு மறுப்பு எழலாம். ‘அப்படியானால் ஸ்கேல் பயிற்சியே வேண்டாமா? விரைவு குற்றமா?’ என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி. ஸ்கேல் பயிற்சி வேண்டும். எழுத்துத் தெரியாமல் எவரும் கட்டுரை எழுத முடியாது. விரைவும் குற்றமன்று. ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-இல் நேர்ந்த தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும், எஞ்சிய இரண்டு விரல்களைக் கொண்டே மின்னல் வேகத்தில் வாசித்தார். அந்த வேகத்திலும் தொடக்கமும் முடிவும் தெளிவாகக் கேட்கின்றன. நம் நாட்டோடு தொடர்புடைய சான்றும் உண்டு. விரைவுக்குப் பெயர்பெற்ற ஜான் மக்லாஃப்ளின் 1970களில் வீணை பயின்றார், எல். சங்கரின் வயலின், விக்கு விநாயகராமின் கடம், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றுடன் ‘சக்தி’ குழுவை அமைத்தார். தந்தியை வீணைபோல் இழுத்துக் கமகம் காட்டுவதற்காக, ஃப்ரெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டாரைச் செய்வித்துக்கொண்டார். உலகின் மிக வேகமான விரல்களுக்குச் சொந்தக்காரர் ஒருவர், ஒரு சுரத்தை வளைப்பதற்காகக் கருவியையே மாற்றினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். விரைவு, சொல்ல வந்ததற்குத் துணையாக வரட்டும். சொல்ல ஒன்றுமில்லாததை மறைக்கும் திரையாக வரும்போதுதான் அதை மறுக்கிறேன்.

‘மாணவர்களுக்குக் கைதட்டல் கிடைப்பது விரைவுக்குத்தானே? ரசிகர்கள் கேட்பதைக் கொடுக்கிறோம்’ என்போரும் உண்டு. இதை நான் முழுவதும் ஏற்கவில்லை. என் நண்பனுக்கு இசைப்பயிற்சி எதுவும் இல்லை. ஆனால் மூன்று நிமிட வாசிப்பில் தொடராக அமைந்த ஒரே இடத்தை அவன் காது பொறுக்கி எடுத்துவிட்டது. கேட்பவர்களின் காதைக் குறைத்து மதிப்பிடுவது நாம்தான். யூடியூபில் வேகப் பயிற்சிக் காட்சிகளைப் பார்த்துப் பார்த்து, நம்மை நாமே அந்த அளவுகோலால் அளந்துகொள்கிறோம். போட்டி விதிகளும் அதற்குத் துணைபோகின்றன. மூன்று நிமிடத்தில் எவ்வளவு வாசித்தான் என்றே பார்க்கிறோம். என்ன சொன்னான் என்று கேட்பதில்லை.

ஆகவே, ஒரு சிறு மாற்றத்தை முன்மொழிகிறேன். அடுத்த கலைவிழாவில் கிட்டார் வாசிக்க வரும் ஒவ்வொருவரும் முதலில் நான்கு பார் அளவுள்ள ஒரு தொடரை வாயால் பாடிக் காட்டட்டும். பிறகு அதையே கருவியில் வாசிக்கட்டும். எஞ்சிய நேரத்தில் அந்தத் தொடரை வளர்த்துச் செல்லட்டும். முடிந்ததும் நடுவர் ஏதேனும் ஓர் இடத்தைச் சுட்டி, ‘இதை மீண்டும் வாசி’ என்று கேட்கட்டும். இதற்குத் தனிச் செலவு ஏதும் இல்லை. வயலினுக்கும் கீபோர்டுக்கும்கூட இந்த விதி பொருந்தும்.

இந்த விதி சென்ற ஆண்டே இருந்திருந்தால் முதற்பரிசு எனக்குக் கிடைத்திருக்காது. பத்து மாதப் பயிற்சிக்குப் பின் இந்த ஆண்டும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது; இரண்டு பார் சும்மா இருக்க இன்னும் திணறுகிறேன். ஆயினும் போன வாரம் ஒரு நிகழ்ச்சி. விடுதி அறையில் ஐந்தாறு சுரங்கள் கொண்ட ஒரு தொடரைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அதே நண்பன் குளித்துவிட்டு, வாளியுடன் அந்தத் தொடரை முணுமுணுத்துக்கொண்டே அறைக்குள் வந்தான். தான் எதை முணுமுணுக்கிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

மேற்கண்ட விதியைக் கலைவிழாக் குழுவின் பொறுப்பாசிரியரிடம் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறேன். ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் சீர்தூக்கிப் பார்த்து ஆதரிக்க வேண்டுகிறேன்.